பத்தொன்பது நிமிடம் முந்திய டைம் ஆபீஸ்

நான் பயந்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்தைக் கேட்டுவிட்டு யாரும் என்னைத் தைரியசாலி என்று நினைத்துவிடக் கூடாது. பெயர் ஆம்ப்ரோஸ், வீடு லிங்கராஜபுரம். எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்த தக்காணத் துல்லியக் கருவிகள் நிறுவனத்தின் டைம் ஆபீஸில் கம்ப்யூட்டர் உதவியாளனாக இருந்தேன். அரசாங்கக் கம்பெனி. ஒரு தலைமுடியின் தடிமனை நூறாகப் பிரித்து அதில் ஒரு பங்கை அளக்கும் கருவிகளை அங்கே செய்தார்கள். நான் அவற்றில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை.

டைம் ஆபீஸின் வேலை, இரண்டாயிரத்து முந்நூறு பேர் எத்தனை மணிக்கு உள்ளே வருகிறார்கள், எத்தனை மணிக்கு வெளியே போகிறார்கள் என்று குறித்து வைப்பது. கேட்டைத் தாண்டியதும் ஒவ்வொருவரும் அட்டையைத் தேய்க்க வேண்டும். தேய்த்த நேரத்தை ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் எழுதிக்கொள்ளும். ஒன்பது மணிக்கு மேல் ஒரு நிமிடம் போனாலும் தாமதம். அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம்.

2002ஆம் வருஷம் அக்டோபர் முப்பத்தொன்றோடு என் ப்ரொபேஷன் முடிய இருந்தது. கம்பெனியிலேயே ப்ரொபேஷனில் இருந்தவன் நான் ஒருவன்தான். புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தி ஆறு வருஷம் ஆகியிருந்தது. வேலையில் இருக்கும்போதே அப்பா இறந்து போனதால் எனக்குக் கிடைத்த இடம் அது. வேலை நிரந்தரமானால் மெடிக்கல் கார்டு வரும். என் மனைவி பிரிஜெட்டுக்கு அப்போது ஏழாவது மாதம், டாக்டர் ரத்த அழுத்தம் அதிகம் என்று சொல்லியிருந்தார். ப்ரொபேஷனில் இருப்பவன் தாமதமாக வந்தோ, நேரத்துக்கு முன்னால் வெளியே போயோ பத்து முறை மாட்டிக்கொண்டால் வேலை போய்விடும். அதற்கு விசாரணை கிடையாது. உத்தரவைக் கம்ப்யூட்டரே அச்சடித்துத் தரும். பர்சனல் மேனேஜர் கையெழுத்துப் போட்டால் போதும். பதினோரு மாதத்தில் என் கணக்கில் ஒரு தாமதம்கூட இல்லை. மழை பெய்தால் விடியற்காலை நாலரைக்கே எழுந்துகொள்கிற ஜாதி நான்.

அந்த வருஷம் ஆயுத பூஜை திங்கட்கிழமை வந்தது. எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. வருஷம் முழுக்க அணைக்காத கம்ப்யூட்டரை முந்தின நாள் சாயங்காலம் அணைத்து ஓய்வு கொடுப்பார்கள். மறுநாள் காலையில் அதற்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் ஆகி, வாசலில் பூசணிக்காய் உடைத்த பிறகு திரும்பப் போடுவார்கள். திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரையிலிருந்து ஒன்பது வரை என்பதால் பூஜையை ஒன்பதேகாலுக்கு வைத்திருந்தார்கள். ஜெனரல் மேனேஜருக்கு டெல்லிக்கு விமானம். எட்டரைக்கே வந்து நின்று, "சீக்கிரம் முடிங்க, நான் ஏர்போர்ட் போகணும்" என்றார்.

ராகுகாலத்தில் எப்படி என்று ஐயர் இழுத்தார். எங்கள் தலைமை டைம் ஆபீஸர் கோவிந்தப்பா வாட்சைப் பார்த்தார். இருபத்தாறு வருஷ சர்வீஸ் அவருக்கு. மணி எட்டு நாற்பத்தொன்று.

"கம்ப்யூட்டருக்குத்தானப்பா பூஜை, நமக்கா? அது டைம்ல ராகுகாலம் முடிஞ்சிருந்தா போதும்ல. ஆம்ப்ரோஸ், அதுல ஒன்பதுன்னு வெச்சுடு."

"சார், அப்புறம் அட்டெண்டன்ஸ் எல்லாம் தப்பாயிடுமே."

"டைம் ஆபீஸர் நானா, நீயா?"

கம்ப்யூட்டரைப் போட்டு, லினக்ஸ் எழுந்திருப்பதற்கு முன்னால் வரும் நீலத் திரையில் ஒன்பது என்று அடித்தேன். பூசணிக்காய் உடைந்தது. ஐயருக்குத் திருப்தி, ஜெனரல் மேனேஜருக்கு விமானம் கிடைத்தது. எனக்கும் பெரிய கவலை ஒன்றும் வரவில்லை. ஏனென்றால் அந்த லினக்ஸுக்குள்ளே ஒரு புரோகிராம் இருந்தது. தலைமை அலுவலகத்தில் இருக்கும் சர்வரிடம் சரியான நேரத்தைக் கேட்டு நம் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. அரை மணியில் சரியாகிவிடும் என்று நினைத்து, பொரி கடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

புதன்கிழமை ஆபீஸ் திறந்தது. கேட் எட்டே முக்காலுக்குத் திறக்கும். முதல் ஆளாக ஓடிப் போய் அட்டையைத் தேய்த்தேன். திரையில் 9:04 என்று வந்தது. தாமதம். எனக்குப் பின்னால் வந்தவனும் தாமதம். கேட் திறந்த நொடியிலேயே எல்லாருக்கும் மணி ஒன்பதைத் தாண்டியிருந்ததால், அன்றைக்கு இரண்டாயிரத்து முந்நூறு பேரில் ஒருவர்கூட நேரத்துக்கு வரவில்லை.

கோவிந்தப்பா அன்றைய தாமத அறிக்கையை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். அவர் பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு டெல்லியில் இருந்த ஜெனரல் மேனேஜருக்கு போன் போட்டார். "சார், நூத்துக்கு நூறு பிடிச்சிருக்கு. இத்தனை வருஷமா இவங்க நம்மள ஏமாத்திட்டு இருந்திருக்காங்க." அந்தப் பக்கம் இருந்து பாராட்டு வந்திருக்க வேண்டும். "எல்லாம் பூஜை பண்ண விசேஷம் சார்" என்று சொல்லி வைத்தார்.

நான் என் மேசைக்கு ஓடினேன். டெலிபோனில் மணி சொல்லும் எண்ணைச் சுழற்றிக் கேட்டேன். எங்கள் கம்ப்யூட்டர் பத்தொன்பது நிமிடம் முந்தியிருந்தது. தலைமை அலுவலகத்துக்குப் போகும் லைன் அறுந்திருக்குமோ என்று பார்த்தேன். லைன் நன்றாகவே இருந்தது. அங்கே இருந்த சர்வரிடம் கையாலேயே நேரத்தைக் கேட்டுப் பார்த்தேன். மரியாதையாகச் சரியான நேரத்தைச் சொன்னது. அப்படியானால் திருத்துகிறவன் எங்கே போனான் என்று தேடினேன். ஆள் இல்லை. புரோகிராமே ஓடவில்லை.

கம்ப்யூட்டர் தனக்கு நடப்பதையெல்லாம் எழுதி வைக்கும் பதிவு ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து திங்கட்கிழமைக்குப் போனேன். அன்று அந்தப் புரோகிராம் எழுந்து, தலைமை அலுவலகத்தைக் கேட்டு, ஆயிரத்து நூற்று நாற்பது வினாடி வித்தியாசம் என்று கண்டிருக்கிறது. சின்னப் பிழையென்றால் அது சத்தமில்லாமல் திருத்திவிடும். ஆயிரம் வினாடிக்கு மேல் போனால் தொடாது. ‘வித்தியாசம் மிகப் பெரிது, கையால் சரி செய்யவும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். அப்படித்தான் நின்றிருந்தது. தன்னால் ஆகாது என்று ஒப்புக்கொண்டு எங்கள் கம்பெனியில் வேலையை விட்ட ஒரே ஊழியர் அதுதான்.

இதற்கு மருந்து மூன்று வரிக் கட்டளை. கடிகாரத்தைத் தலைமை அலுவலகத்தோடு ஒரேயடியாகச் சரி செய்ய ஒரு வரி, அதை உள்ளே இருக்கும் பேட்டரிக் கடிகாரத்திலும் எழுத ஒரு வரி, நின்றுபோன புரோகிராமைக் கிளப்ப ஒரு வரி. ஒரு நிமிட வேலை. அனுமதி வாங்க கோவிந்தப்பாவின் அறைக்குப் போனேன்.

அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "டைமை மாத்தினது யாரு?"

"சார், நீங்க சொல்லித்தான் நான்..."

"நான் சொன்னேன்னு எழுத்துல இருக்கா? அடிச்ச விரல் யாரோடது?"

நான் என் விரல்களைப் பார்த்தேன்.

"டைம் ரெக்கார்டுல கை வெக்கறது கிரிமினல் கேஸ், ஆம்ப்ரோஸ். போலீஸ் வரும். ஏற்கெனவே ஒரு தடவை கை வெச்சிருக்க. ரெண்டாவது தடவையும் வெக்கறேன்னு எங்கிட்டயே வந்து கேக்கற. பயப்படாத, நான் யாருக்கும் சொல்லல. ஒரு நோட் எழுதிக் குடு, மேல அனுப்பறேன்."

பயப்படாதே என்று ஒரு அதிகாரி சொன்னால் எனக்குப் பயம் இரட்டிக்கும். கடிகாரத்தைச் சரி செய்ய வேண்டும் என்று மட்டும் நோட் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் கேட் செக்யூரிட்டியிடம் கெஞ்சினேன். "அண்ணே, எனக்கு மட்டும் எட்டரைக்குத் திறந்து விடுங்க. வயித்துப் பொழப்பு." அவர் வாட்சைத் துடைத்துக் காட்டினார். "ரேடியோ நியூஸ் கேட்டு வெச்ச டைம் இது. எட்டே முக்கால்னா எட்டே முக்கால். நானும் உங்கள மாதிரி தப்பு டைம்ல நடந்துக்க முடியுமா?" வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அந்தக் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று நாளும் தாமதம். ஆக மொத்தம் நான்கு.

அந்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, என் நோட்டின்மேல் முடிவெடுக்க ‘நேர வேறுபாடு ஆய்வுக் குழு’ கூடியது. பாதிப் பேர் கம்ப்யூட்டர் மணிப்படி வந்து, மீதிப் பேருக்காகப் பத்தொன்பது நிமிடம் காத்திருந்தார்கள். பர்சனல் மேனேஜர் நாணு தலைமை. நல்ல மனுஷர், மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் குடும்பம், தாத்தா மைசூர் திவானிடம் வேலை பார்த்தவர். யாரையும் அதட்டிப் பேச மாட்டார்.

"நன்னா யோசிங்கோ" என்றார் நாணு. "புதன்கிழமையிலேர்ந்து எல்லாருக்கும் லேட் மெமோ குடுத்தாச்சு. அத்தனையிலும் என் கையெழுத்து இருக்கு. இப்போ டைமைச் சரி பண்ணினா, அந்தக் கையெழுத்தெல்லாம் தப்புன்னு ஆயிடும். என் கையெழுத்து தப்பா இருக்க முடியாது. அதனால டைம் தப்பா இருக்க முடியாது. இதுல குழப்பம் எங்கே இருக்கு?"

"கடிகாரம் தப்பா இருக்கறது பெரிய விஷயம் இல்ல சார்" என்றார் கோவிந்தப்பா. "எல்லாருக்கும் ஒரே மாதிரி தப்பா இருக்குதே, அதுதான் நிர்வாகம்."

நான் எழுந்து நின்றேன். ஒரேயடியாக மாற்ற வேண்டாம், யாருக்கும் தெரியாதபடி கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுக்கவும் வழி இருக்கிறது, இருபத்தேழு நாளில் சரியாகிவிடும் என்று சொன்னேன். இருபத்தேழு நாள் எனக்குத் தாங்காது என்று தெரியும். ஆனாலும் ஏதாவது நடந்தால் போதும் என்றிருந்தது.

இருபத்தேழு நாள் ரொம்ப அவசரம் என்று குழு கருதியது. ஒரு வேலை நாளைக்கு ஒரு வினாடி, அதற்குத் தனி ரெஜிஸ்டர், தினமும் மூன்று பேர் கையெழுத்து என்று முடிவாயிற்று. ஆயிரத்து நூற்று நாற்பது வேலை நாள். நாணு விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "நான் ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம்தான் கரெக்டாகும்" என்றார், சந்தோஷமாக.

அந்த ஒரு வினாடிகூடக் குறையவில்லை, ஏனென்றால் திங்கட்கிழமை யூனியன் உள்ளே வந்தது. யூனியன் செயலாளர் சங்கமித்ரா அசெம்பிளி செக்ஷனில் வேலை செய்பவர்; சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் நின்று பேசினால் பஸ்கள் நிற்கும் என்பார்கள். எனக்கு அவர்மேல் நம்பிக்கை இருந்தது. அவர் மெமோக்களைக் கேட்டுக்கு முன்னால் குவித்துக் கொளுத்தியதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் அதற்குள் தொழிலாளர்கள் இன்னொன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். காலையில் பத்தொன்பது நிமிடம் முந்தும் கடிகாரம் சாயங்காலமும் முந்துகிறது. கம்ப்யூட்டரில் ஐந்தரை ஆகும்போது வெளியே ஐந்து பதினொன்றுதான். பனஷங்கரி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சங்கமித்ரா மேனேஜ்மென்டிடம் நேராகச் சொல்லிவிட்டார்: காலை மெமோக்களை வாபஸ் வாங்க வேண்டும், சாயங்காலப் பத்தொன்பது நிமிடம் தொழிலாளி போராடிப் பெற்ற உரிமை, அதில் ஒரு வினாடியைத் தொட்டாலும் ஸ்ட்ரைக். புதன்கிழமை ஒப்பந்தம் கையெழுத்தானது. நிரந்தரத் தொழிலாளர்களின் தாமதங்கள் தாமதமாகக் கருதப்பட மாட்டா. கடிகாரம் இருக்கிறபடியே இருக்கும். இரு தரப்பும் ஸ்வீட் சாப்பிட்டார்கள்.

நான் சங்கமித்ராவை கேன்டீன் வாசலில் பிடித்தேன். "அக்கா, எனக்கு ஏழு லேட் ஆயிடுச்சு. என் பேரையும் அதுல சேருங்க."

"நீ எங்க மெம்பர் இல்லியே, கண்ணு."

"கன்ஃபர்ம் ஆனாத்தான மெம்பர் ஆக முடியும்?"

"அதத்தான் சொல்றேன். கன்ஃபர்ம் ஆயிட்டு வா, உனக்காக உயிரக் குடுத்து சண்ட போடுறோம்." மனசாரத்தான் சொன்னார். என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை எட்டாவது லேட். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது. சனிக்கிழமை காலையில் கேட் திறந்ததும் பத்து ஆகிவிடும்.

வியாழன் ராத்திரியே பிரிஜெட்டிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "மூணு லைன்தான? அடிச்சுட்டு வாங்களேன்."

"யார் அடிச்சாங்கன்னு அதுலயே எழுதிக்கும், பிரிஜெட்."

"யாரு படிப்பாங்க அத? உங்க ஆபீஸ்ல அத படிக்கத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. "போலீஸ் வந்தா பாத்துக்கலாம். கார்டு இல்லாம நான் எங்க போயி பெத்துக்கறது, அத சொல்லுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டரில் ஐந்தரை ஆனதும் கம்பெனி காலியாயிற்று. கோவிந்தப்பா பையை எடுத்துக்கொண்டு போனார். சங்கமித்ரா போனார். பெருக்குகிற அம்மாவும் போன பிறகு நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரியை இரண்டு முறை தப்பாக அடித்தேன். வராண்டாவில் ஏதோ சத்தம் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், பூனை. கடைசியில் மூன்று வரியும் போயின. நின்றுபோன புரோகிராம் எழுந்து, தலைமை அலுவலகத்தைக் கேட்டு, வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று எழுதியது. அப்போது யாராவது என்னைத் தொட்டிருந்தால் அலறியிருப்பேன். பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசலில் அட்டையைத் தேய்த்ததும் திரையைப் பார்க்கவில்லை. பஸ் ஏறிய பிறகுதான் மூச்சு விட்டேன்.

சனிக்கிழமை காலை கேட் திறந்தது. அட்டையைத் தேய்த்தேன். 8:46. திரையைத் துடைத்துப் பார்த்தேன், அதேதான். எனக்குப் பின்னால் இரண்டாயிரத்து முந்நூறு பேரும் நேரத்துக்கு வந்தார்கள்.

கோவிந்தப்பா வெளிறிப்போய் வந்தார். "ஒருத்தர்கூட லேட் இல்லியே. மெஷின் கெட்டுப்போச்சா? யாராவது கை வெச்சாங்களா?"

"தானாவே சரியாயிடுச்சு சார்" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

"தானாவா?" அவர் முகம் மெல்லத் தெளிந்தது. "யாரும் செய்யலயா? அப்ப யாருக்கும் பொறுப்பில்ல." பத்தரைக்குக் குழு அவசரமாகக் கூடி, நேரம் தன்னைத்தானே திருத்திக்கொண்டது என்றும், இதில் எந்த அதிகாரிக்கும் தொடர்பில்லை என்றும் எழுதி, நேரத்துக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட்டது. பறிபோன பத்தொன்பது நிமிடத்தைச் சாயங்காலம் பார்த்துக்கொள்கிறோம் என்று யூனியன் சொல்லி அனுப்பியது. அது அவர்கள் பாடு. நான் கேன்டீனில் போய் பத்து நாளில் முதல் முறையாக ஒரு மசாலா தோசை சாப்பிட்டேன். இன்னும் ஐந்து நாளில் கன்ஃபர்ம்.

பதினொன்றரைக்கு நாணு கூப்பிட்டு அனுப்பினார். அவர் மேசையில் ஒரே ஒரு தாள் இருந்தது. காலையில் கம்ப்யூட்டர் அச்சடித்தது.

"உக்காரு" என்றார். "ஒன்பது லேட். அது தெரிஞ்சதுதான். பத்தாவது, நேத்து சாயங்காலம். அஞ்சு மணி இருபத்தாறு நிமிஷத்துக்கு வெளியே போயிருக்கே. அஞ்சரைக்குத்தானே போகணும்?"

கடிகாரத்தைச் சரி செய்த பிறகு அட்டையைத் தேய்த்தவன் நான் ஒருவன்தான். "சார், எல்லாரும் போனதுக்கு அப்புறம்தான் நான் போனேன். ஆபீஸ்ல நான்தான் கடைசி ஆளு."

"அவா எல்லாரும் அஞ்சரைக்கு மேல போயிருக்கா, ரெக்கார்டு இருக்கு. நீ அவாளுக்கெல்லாம் அப்புறம் கிளம்பி, அவாளுக்கெல்லாம் முன்னாடி போயிருக்கே." அவர் பேனாவைத் திறந்தார். திறந்தவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கருணைகூட இருந்தது. "இதோ பாரு ஆம்ப்ரோஸ். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, நீ படிச்சவன். பிள்ளைத்தாச்சி வீட்டுல இருக்கா, எனக்குத் தெரியும். அதனால கேக்கறேன். இந்த அஞ்சு இருபத்தாறு, கரெக்ட் டைம்தானா? இல்லேன்னா சொல்லு, கிழிச்சுப் போட்டுடறேன்."

கரெக்ட் இல்லை என்று சொன்னால் தாளைக் கிழித்துவிடுவார். பிறகு யார் மாற்றியது என்று கேட்பார்கள். தலைமை அலுவலகத்து ஆட்கள் வந்து பதிவைத் திறப்பார்கள். மூன்று வரியும் என் பெயரில் இருக்கும். ஆயுத பூஜையன்று ஒன்பது என்று அடித்த விரலும் என்னுடையதுதான் என்று கோவிந்தப்பா எழுந்து நின்று சொல்வார். ஜீப் வரும். பிரிஜெட் வீங்கிய காலோடு ஸ்டேஷன் வாசலில் நிற்பாள். 

"கரெக்ட் டைம்தான் சார்" என்றேன்.

நாணு பெருமூச்சு விட்டார். முகத்தில் ஒரு அமைதி வந்தது. "இந்தப் பத்து நாள்ல ஆயிரக்கணக்கா மெமோ கையெழுத்துப் போட்டேன். ஒண்ணுலயும் மனசு ஒட்டலை. டைம் சரிதானான்னு உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல், ராத்திரி தூக்கம்கூட வரலை" என்றார். "இதுலதான்ப்பா நிம்மதியாப் போடறேன்."

கையெழுத்துப் போட்டு, மை காய வாயால் ஊதி, தாளை என் கையில் கொடுத்தார்.